ஏஞ்சல் மீனுக்கு எவ்வளவு பெரிய தொட்டி? – ஏற்காட்டுக் குளிருக்கு ஒரு கணக்கு



நம்ம பள்ளி ஆய்வகத்தில் ஒரு மீன்தொட்டி வைக்கலாமா என்று கொஞ்ச நாளாகவே பேச்சு நடக்கிறது. "ஏஞ்சல் மீன்தான் வேணும்" என்று ஒரு கட்சி. "சின்னத் தொட்டி போதும், காசு மிச்சம்" என்று இன்னொரு கட்சி. நம்மில் பல பேர் வீட்டிலும் இதே ஆசை இருக்கு. மே மாதம் கோடை விழா சமயத்தில் சேலம் போகிறோம். கடையில் நாலு மீன் அழகா நீந்துது. வாங்கிட்டு வந்துடுறோம். அப்புறம் டிசம்பர் வருது. மூடுபனி வருது. ஒரு நாள் காலையில் பார்த்தால் மீன் தொட்டியின் மூலையில் துடுப்பை மடக்கிக்கிட்டு அசையாமல் நிற்கும்.

"மீன் ராசி இல்லை" என்று பெரியவங்க சொல்லுவாங்க. ராசி ஒண்ணும் இல்லை நண்பர்களே. எல்லாம் கணக்குதான்! நாம ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிற கனஅளவு, வெப்பம், காற்றழுத்தம் எல்லாம் இந்த ஒரு தொட்டிக்குள்ளே இருக்கு. வாங்க, பார்ப்போம்.

முதலில், இந்த மீன் யார்?

ஏஞ்சல் மீனின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. விஞ்ஞானப் பெயர் டெரோஃபில்லம் ஸ்கலாரே. கிரேக்க மொழியில் டெரோஃபில்லம் என்றால் 'சிறகுள்ள இலை' மாதிரி ஒரு அர்த்தம். பெயருக்கு ஏற்ற மாதிரி உடம்பு தட்டையா இலை போல இருக்கும். செங்குத்தா நிற்கிற நீர்ச்செடிகளுக்கு நடுவில் சுலபமா நுழைந்து போகத்தான் இந்த வடிவம். உடம்பில் இருக்கும் கறுப்புக் கோடுகளும் செடி நிழலோடு சேர்ந்து மீனை மறைத்துவிடும்.

இன்னொரு ஆச்சரியம். மேட்டூர் அணையில் பிடிக்கிற ஜிலேபி மீன் இருக்கே, அதுவும் ஏஞ்சலும் ஒரே குடும்பம்! சிக்லிட் என்று அந்தக் குடும்பத்துக்குப் பெயர். அதனால் ஏஞ்சல் பார்க்கத்தான் சாது. வாய்க்குள் அடங்குகிற சின்ன மீனைச் சாப்பிட்டுவிடும். முட்டை போட்டால் காவல் காக்கும், பக்கத்தில் வருகிறவனைத் துரத்தும்.

இன்று கடையில் கிடைக்கிற ஏஞ்சல்கள் பெரும்பாலும் அமேசானிலிருந்து பிடித்து வந்தவை அல்ல, பண்ணையில் பிறந்தவை. தமிழ்நாட்டில் வண்ணமீன் வளர்ப்புக்குப் பேர் போன இடம் கொளத்தூர். நம்ம மேட்டூர் பக்கத்துக் கொளத்தூர் என்று நினைச்சுடாதீங்க, இது சென்னைக் கொளத்தூர். அங்கே பல குடும்பங்களுக்கு இதுதான் தொழில். சென்னை வெயிலில் பிறந்து வளர்ந்த மீன் சேர்வராயன் மலைக்கு வந்தால் என்ன ஆகும்? அங்கேதான் நம்ம கணக்கு ஆரம்பிக்குது.

கணக்கு 1: உயரம்

சாதாரண மீனுக்குத் தொட்டியின் நீளம் முக்கியம். ஏஞ்சலுக்கு நீளத்தோடு உயரமும் முக்கியம். கடையில் பார்க்கும்போது ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். நல்லா வளர்ந்தால் உடம்பு நீளம் 15 செ.மீ., மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ்த் துடுப்பு நுனி வரை 20 செ.மீ. வரை வரும். அதாவது 8 அங்குலம்.

இப்போ 1 அடி உயரத் தொட்டியை எடுத்துக்குவோம். அடியில் மணல் 2 அங்குலம். மேலே தண்ணீர் நிரப்பாமல் விடும் இடம் 2 அங்குலம். மிச்சம் 8 அங்குலம். மீனும் 8 அங்குலம்! தலைக்கு மேல் கூரையும் காலுக்குக் கீழ் தரையும் இடிக்கிற அறையில் நாம இருக்க முடியுமா?

தொட்டி ஒன்றரை அடி உயரம் என்றால் நீந்த 14 அங்குலம் கிடைக்கும். அதனால் உயரம் ஒன்றரை அடிக்குக் குறையவே கூடாது. உருண்டைக் கண்ணாடி ஜாடி பக்கமே போக வேண்டாம்.

கணக்கு 2: கொள்ளளவு

ஒரு கன அடியில் 28.3 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இதை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டா கடையில் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்குங்க.

• 1 × 1 × 1 அடி = 1 கன அடி = சுமார் 28 லிட்டர். ஏஞ்சலுக்கு ஆகாது.
• 2 × 1 × 1½ அடி = 3 கன அடி = சுமார் 85 லிட்டர். வளர்ந்த ஏஞ்சல் 2.
• 3 × 1½ × 1½ அடி = 6¾ கன அடி = சுமார் 190 லிட்டர். வளர்ந்த ஏஞ்சல் 4, அதிகபட்சம் 5.

வளர்ந்த ஒரு ஏஞ்சலுக்குச் சுமார் 40 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை. "குட்டிதானே, பத்துப் போடலாம்" என்று தோணும். குட்டி குட்டியாவே இருக்காது! சில மாதங்களில் வளர்ந்துவிடும். நல்லா பார்த்துக்கிட்டால் பத்து வருடம் கூட வாழும். ஆறாம் வகுப்பில் வாங்கின மீன் நீங்க காலேஜ் முடிக்கிறப்பவும் இருக்கலாம்.

ஏஞ்சலில் எது ஆண், எது பெண் என்று குட்டியாக இருக்கும்போது பார்த்துச் சொல்ல முடியாது. 'ஜோடி' என்று வாங்கின இரண்டும் ஆணாகவே இருந்து சண்டை போடலாம். 3 அடி தொட்டியில் ஐந்து குட்டிகளைச் சேர்த்து வளர்த்தால், அவைகளே ஜோடி சேர்ந்துகொள்ளும். சண்டை வந்தாலும் ஒதுங்கிப் போக இடம் இருக்கும்.

கணக்கு 3: எடை

இதைப் பல பேர் மறந்துடுறாங்க. 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. 3 அடி தொட்டியில் தண்ணீர் 190 கிலோ, கண்ணாடி சுமார் 30 கிலோ, மணல் சுமார் 20 கிலோ. மொத்தம் 240 கிலோ! நம்ம வகுப்பில் ஆறு பேர் ஒரே மேசை மேல் ஏறி நின்ற மாதிரி. விளிம்பு வரை நிரப்ப மாட்டோம், கொஞ்சம் கழிச்சுக்கலாம். ஆனாலும் புத்தக அலமாரி, பழைய மர மேசை எல்லாம் தாங்காது. இரும்பு ஸ்டாண்டோ செங்கல் சிமெண்ட் மேடையோ வேணும். பழைய பங்களாவின் மரத்தளத்தில் வைக்காதீங்க.

ஸ்டாண்டு சமமா இருக்கணும். ஒரு பக்கம் சரிஞ்சிருந்தால் ஒட்டின இடம் விட்டுப்போகும். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு தெர்மாகோல் பலகை வையுங்க. சின்ன மேடு பள்ளத்தை அது தாங்கிக்கும், அடிப்பக்கக் குளிரையும் தடுக்கும்.

கணக்கு 4: குளிர்

இதுதான் நம்ம ஊருக்கே உரிய கணக்கு. ஏஞ்சலுக்குத் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கணும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கு. குளிர்கால இரவில் 13, 14 டிகிரி வரை இறங்குது. சேலத்துக்காரர் ஹீட்டர் இல்லாமலே வருடத்தில் பெரும்பாலான நாள் சமாளிக்கலாம். நம்மால் முடியாது. ஏற்காட்டில் ஹீட்டர் இல்லாமல் ஏஞ்சல் இல்லை!

மீனுக்கு நம்மை மாதிரி உடல் சூடு கிடையாது. தண்ணீர் என்ன சூடோ, அதுதான் உடம்பின் சூடு. குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், நோய் எதிர்ப்பு குறையும். வெள்ளைப் புள்ளி நோய் வருவதற்கு அதுவே வழி.

சரி, எவ்வளவு வாட் ஹீட்டர்? இயற்பியல் புத்தகத்தைத் திறங்க. 85 லிட்டர் தண்ணீரை 14 டிகிரியிலிருந்து 26 டிகிரிக்குச் சூடாக்கணும். வித்தியாசம் 12.

85 × 4.2 × 12 = 4,284 கிலோ ஜூல்.
3,600 கிலோ ஜூல் என்பது 1 யூனிட் மின்சாரம்.
4,284 ÷ 3,600 = சுமார் 1.2 யூனிட்.

100 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் 0.1 யூனிட் எடுக்கும். அப்போ 12 மணி நேரம் எரியணும். அதற்குள் கண்ணாடி வழியா வெளியே போகிற சூடு வேறு. ஆகவே 25 வாட் ஹீட்டர் வாங்கிப் போட்டால், யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்! லிட்டருக்கு ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் மேல் என்பது நல்ல அளவு. 85 லிட்டருக்கு 100 வாட். 190 லிட்டருக்கு 100 வாட் ஹீட்டர் இரண்டு. ஏன் 200 வாட்டில் ஒன்று வாங்கக் கூடாது? ஒன்று பழுதானாலும் இன்னொன்று காப்பாற்றும், அதுக்குத்தான்.

மின் கட்டணம் எவ்வளவு ஆகும் என்றும் வீட்டில் கேட்பாங்க. 200 வாட் நாளில் பாதி நேரம் எரிந்தால் 2.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். அப்பா அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லிட்டு வாங்குங்க!

கரண்ட் கட் ஆனால்?

காற்றும் மழையும் அடித்து மரம் விழுந்தால் மலையில் கரண்ட் போவது நமக்குப் புதுசா? இங்கேதான் பெரிய தொட்டியின் பெருமை தெரியும். சூடு வெளியே போவது பரப்பு வழியாக. சூடு சேர்ந்திருப்பது கனஅளவில். பரப்பைக் கனஅளவால் வகுத்துப் பாருங்க:

• 1 அடி கனசதுரத் தொட்டி: 6 ÷ 1 = 6
• 2 அடி தொட்டி: 13 ÷ 3 = 4.3
• 3 அடி தொட்டி: 22½ ÷ 6¾ = 3.3

எண் குறைந்தால் ஆறுவது மெதுவாகும். ஒரு அடித் தொட்டி, 3 அடித் தொட்டியை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகமா ஆறிடும். டம்ளர் காபி சீக்கிரம் ஆறுது, அண்டாத் தண்ணீர் மெதுவா ஆறுது இல்லையா, அதே விஷயம்தான்.

தொட்டியின் பின்பக்கமும் இரண்டு பக்கமும் தெர்மாகோல் ஒட்டிடுங்க. மேலே மூடி கட்டாயம். கரண்ட் போனால் கம்பளி போர்த்துங்க, காற்று போகக் கொஞ்சம் இடம் விட்டு. வெந்நீரை பாட்டிலில் அடைத்துத் தொட்டியில் மிதக்க விடலாம். வெந்நீரை நேரா ஊற்றக் கூடாது.

கணக்கு 5: மலைக்காற்று

மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். சேலத்தில் வாங்கின சிப்ஸ் பாக்கெட், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததும் உப்பிக்கிட்டு நிற்கும், பார்த்திருப்பீங்க. அழுத்தம் குறைந்தால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். 26 டிகிரியில் சென்னைத் தண்ணீரில் லிட்டருக்கு அதிகபட்சம் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். நம்ம ஊரில் அதே சூட்டில் 7-க்கும் குறைவுதான். ஆறில் ஒரு பங்கு போச்சு!

அதனால் சமவெளியில் 'நாலு மீன் தாங்கும்' என்று சொல்லும் தொட்டியில் நாம மூணோடு நிறுத்துவது நல்லது. தண்ணீரின் மேல்பரப்பு எப்பவும் லேசா அசைஞ்சுக்கிட்டே இருக்கணும். அதுக்கு ஏர் பம்பும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும். வேகமா தண்ணீர் அடிக்கிற பவர் ஃபில்டர் ஏஞ்சலுக்கு ஒத்துவராது. இலை மாதிரி உடம்பு, தள்ளிக்கிட்டுப் போயிடும். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்க. கீழே வைத்தால் கரண்ட் போனதும் குழாய் வழியா தண்ணீர் திரும்பி வரும்.

மீன் வாங்கி வரும் பாலித்தீன் பையும் சிப்ஸ் பாக்கெட் மாதிரி உப்பும். "அண்ணே, மலைக்குப் போறோம், கொஞ்சம் தளர்வா கட்டுங்க" என்று கடையில் சொல்லுங்க. பையைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தால் வழியில் குளிராது.

தண்ணீர்

சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடினமான பாறையால் ஆனது. சுண்ணாம்புப் பாறை கிடையாது. அதனால் ஊற்று, ஓடைத் தண்ணீர் பொதுவாக மென்மையா இருக்கும். அமேசான் மீனுக்கு அது பிடிக்கும். பி.எச். அளவு 6.5 முதல் 7.5 வரை நல்லது. வேதியியல் ஆய்வகத்துத் தாளில் சோதித்துப் பார்க்கலாம்.

மார்பிள் துண்டு, கிளிஞ்சல், பவளம் இவற்றை அழகுக்காகப் போடாதீங்க. தண்ணீரைக் கடினமாக்கிடும். சந்தேகமா? கல்லின் மேல் வினிகர் ஒரு சொட்டு விடுங்க. நுரைத்தால் அந்தக் கல் வேண்டாம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்க.

ஜாக்கிரதை! காபித் தோட்டத்தில் இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை அடிப்பாங்க. அதில் மயில்துத்தம் இருக்கு, அதாவது தாமிர சல்பேட். தாமிரம் மீனுக்கு விஷம், ரொம்பக் கொஞ்சமே போதும். மருந்து அடிக்கிற காலத்தில் தோட்டத்து ஓடைத் தண்ணீர் எடுக்காதீங்க. மருந்து கலந்த வாளி, டிரம், குழாய் எதையும் தொட்டிக்குப் பயன்படுத்தாதீங்க. எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள்

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருது. அது மீனைக் கொல்லும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டா மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, வாரா வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போயிடும். உயிரியல் பாடத்தில் வரும் நைட்ரஜன் சுழற்சியேதான்!

இந்தப் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். குளிரில் இன்னும் தாமதம். அதனால் முதல் நாளிலிருந்தே ஹீட்டரும் ஃபில்டரும் ஓடணும், மீன் மட்டும் இருக்காது. தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் பாக்டீரியாவுக்கு அதுவே சாப்பாடு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனையில் வந்த பிறகுதான் மீன். ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசாதீங்க, குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்க.

தொட்டிக்குள் என்ன வைக்கலாம்?

• உயரமா வளரும் வேலிஸ்னேரியா, அமேசான் ஸ்வோர்ட் செடிகள். பின்பக்கமும் ஓரங்களிலும் நடுங்க, நடுவில் நீந்த இடம் விடுங்க.
• சாய்த்து நிறுத்திய ஸ்லேட் கல் ஒன்று. ஏஞ்சல் செங்குத்தான பரப்பில்தான் முட்டை ஒட்டும்.
• ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் விளக்கு. ஜன்னல் ஓரம் வேண்டாம்: பகலில் வெயில் பட்டால் பாசி, இரவில் பனிக்காற்று.
• கூட்டாளிகள்: கோரிடோராஸ் சரி. டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். நியான் டெட்ரா, கப்பிக் குட்டிகள் ஏஞ்சலுக்கு இரையாகிவிடும். கோல்டு ஃபிஷ் குளிர்ச்சியை விரும்பும், சேர்க்கவே கூடாது.
• தீனி நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு!

தொட்டிக்குள் கை விடும் முன் ஹீட்டர் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் எடுத்துடுங்க. சின்ன வகுப்புத் தம்பி தங்கைகளே, பெரியவங்க இல்லாமல் தொடாதீங்க.

புது மீன் வந்த அன்று

பையைத் திறக்காமல் அரை மணி நேரம் தொட்டியில் மிதக்க விடுங்க. பிறகு பையைத் திறந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அரை டம்ளர் தொட்டித் தண்ணீர் ஊற்றுங்க. ஒரு மணி நேரம் கழித்து வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்க. பைத்தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

வளர்க்க முடியலைன்னா?

'ஏரியில் விட்டுடலாம்' என்று நினைக்காதீங்க. ஏஞ்சல் நம்ம ஏரிக் குளிரில் செத்துப்போகும். குளிர் தாங்குகிற வேற மீன் என்றால் பெருகி, நம்ம ஊர் மீன்களின் இடத்தைப் பிடிக்கும். தொட்டியைச் சுத்தம் பண்ணும் என்று வாங்குகிற சக்கர் மீன் இப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவிக்கிடக்கு. வேண்டாம் என்றால் வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்க, இல்லை கடையிலேயே திருப்பிக் கொடுங்க.

ஆக, நம்ம ஆய்வகத்துக்கு?

என் கருத்து இதுதான். வைத்தால் 3 அடி தொட்டி வைப்போம். 1 அடித் தொட்டியில் ஏஞ்சல் வைப்பது மிச்சம் இல்லை, மீன் செத்தால் எல்லாமே செலவு. ஆனால் காசை விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கு. வாரா வாரம் தண்ணீர் மாற்றுவது யார்? அரையாண்டு விடுமுறையில், அதுவும் கடுங்குளிர் டிசம்பரில், கரண்ட் போனால் வந்து பார்ப்பது யார்? வளர்ந்த, ஆரோக்கியமான மீன் சில நாள் தீனி இல்லாமல் இருக்கும். சூடு இல்லாமல் இருக்காது.

அதனால் ஒரு யோசனை. முதலில் தொட்டி, ஹீட்டர், ஃபில்டர், ஒரு தெர்மாமீட்டர் மட்டும் வாங்குவோம். மீன் வேண்டாம். ஆறு வாரம் முறை போட்டு, காலை மாலை வெப்பநிலையை நோட்டில் எழுதுவோம். ஆறு வாரமும் ஒரு நாள் விடாமல் நோட்டு நிரம்பினால் மீன் வாங்கலாம். நடுவில் பக்கம் காலியா இருந்தால், நாம இன்னும் தயாராகலை என்று அர்த்தம். அப்போ அதே தொட்டியில் நீர்ச்செடி மட்டும் வளர்ப்போம். அதுவும் அழகுதான்.

ஆசிரியர்கள் இதை யோசித்துச் சொல்லணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரத் தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கும்? எத்தனை ஏஞ்சல் வளர்க்கலாம்? எத்தனை வாட் ஹீட்டர் வேணும்? விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி, பெயர், வகுப்போடு சுவரிதழ்ப் பெட்டியில் போடுங்க. சரியான விடை அடுத்த இதழில்.



– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு